சாறும் சக்கையும்

எங்க வீட்டுக்காரருக்கு எதைப் பாராட்டவும் ஒரே வார்த்தைதான், சாறு. மீன் குழம்பு நல்லா இருந்தா சாறு இருக்கு. சாமியாரோட பிரசங்கம் பிடிச்சா அதுலயும் சாறு இருக்கு. பிடிக்காததெல்லாம் சக்கை. கல்யாணமான புதுசுல என் பேச்சுல சாறு இருக்குன்னு சொன்னார். அந்த ஒரு வார்த்தையை வச்சே இத்தனை வருஷம் அவரோட குப்பை கொட்டிட்டேன்.

போன மழைக்கு அவருக்கு டெங்கு வந்துச்சு. காய்ச்சல் விட்டும் வாய்க்கு ருசி திரும்பல. ரெண்டு வாய் தின்னுட்டுத் தட்டைத் தள்ளிருவார். எப்படி இருக்குன்னு கேட்டா வெறும் "ம்". சாறும் இல்ல, சக்கையும் இல்ல. ஆளு பாதியாயிட்டார். சாப்பிடாட்டி உடம்பு தேறாதுன்னு டாக்டரும் சொல்லிட்டார். திட்டுற மனுஷன் திட்டாம இருந்தா வீடு வீடாவா இருக்கும்?

மெயின்லேண்டு சாத்துக்குடி குடுத்தா தேறிருவார்னு எனக்கு ஒரு நெனப்பு. இங்க தீவுல எங்க ஜனத்துக்கே அப்படித்தான், கப்பல்ல வந்தாத்தான் அது பொருள். கடல் சரியில்லாம கப்பல் தள்ளித் தள்ளிப் போச்சு. ஒருவழியா வந்ததும், எங்க ஊரு கராச்சர்மாவுல பஸ் ஏறி டவுனுக்குப் போய் வாங்கிட்டு வந்தேன். வாசல்ல உக்காந்து பிழிஞ்சா கால் தம்ளர்கூட வரல. எனக்கு அழுகையே வந்துட்டு.

பக்கத்து வீட்டு பெங்காலி அக்கா மதிலுக்கு மேல பார்த்துட்டு இருந்தாங்க. அவங்க மரத்துப் பம்ப்ளிமாஸ் வருஷா வருஷம் எங்க பக்கம் விழுந்து அழுகும். நான் புலம்பிக்கிட்டே வாரிக் கொட்டுவேன். அன்னைக்கு மரத்துல இருந்து ஒண்ணைப் பறிச்சு, சுளையை உரிச்சு, உப்பு, பச்சை மிளகாய், கொஞ்சம் சீனி போட்டுப் பிசைஞ்சு கொண்டுவந்தாங்க. காய்ச்சல் வாய்க்கு அவங்க வீட்டுல இதுதானாம், ஹிந்தியில சொன்னாங்க. பழத்துல மிளகாயான்னு நான் முகஞ்சுளிச்சேன்.

அவர் ஒரு வாய் போட்டுக் கண்ணை மூடினார். தாடையில வழிஞ்சதைப் புறங்கையால துடைச்சுட்டு அடுத்த வாய் எடுத்தார். கிண்ணம் காலியானதும் அந்த அக்காவைப் பார்த்து, "ரஸீலா ஹை, தீதி"ன்னார். அதே சாறுதான், ஹிந்தியில.

பொய் சொல்லுவானேன், எனக்குப் பொறாமைதான். சூட்டோட சூடா என் கஞ்சியையும் நீட்டினேன். ஒரு மடக்குக் குடிச்சுட்டு நிமிர்ந்தார்.

"ஏட்டி, இது என்ன சக்கை மாதிரி இருக்கு?"

உப்பு எடுத்துட்டு வர்றேன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போனேன். முந்தானையால முகத்தைப் பொத்திக்கிட்டு அழுதேன். அம்புட்டு சந்தோஷம் எனக்கு.