பதில் பாட ஒருத்தி

கேட்கத் தகுந்த உள்ளூர் இசைக்குழுக்கள் எவை என்று யாராவது கேட்டால் எனக்கு இப்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. கேட்கிறவர்கள் கேட்கப்போவதில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கில், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களிடம்கூட ஒரு காலத்தில் வலியப் போய்ச் சொல்லியிருக்கிறேன். "அப்படியா, கேக்குறேன் அக்கா" என்பார்கள். நான் திரும்பியதும் அவர்கள் கைப்பேசியில் சினிமாப் பாட்டு ஓடும்.

இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். செலாயாங்கில் ஒரு குழு இருந்தது. சந்தையில் காய்கறி மூட்டை இறக்குகிற ஆட்கள். கோயில் திருவிழாவில் நாம் கேட்கிற அதே உறுமிதான். அதோடு ஒரு எலக்ட்ரிக் கிட்டார் சண்டைக்கு வரும். இப்போது அவர்கள் கல்யாண விருந்துகளில் சினிமாப் பாட்டு வாசிக்கிறார்கள். நன்றாகவே வாசிக்கிறார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். பிரிக்ஃபீல்ட்ஸிலேயே இன்னொரு குழு. அதில் வயலின் வாசித்த பெண் யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பம். அவள் வில்லை எடுத்தால் கிட்டார்காரர்கள் இருவரும் அடக்கமாகிவிடுவார்கள். மேலே படிக்க ஆஸ்திரேலியா போனாள். திரும்பி வருவாள் என்று மற்றவர்கள் கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள், பிறகு அதையும் விட்டுவிட்டார்கள்.

மூன்றாவது, கிள்ளானை ஒட்டிய பண்டமாரான் குழு. என் குழு என்றே சொல்வேன், கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். நான்கு பேர். பாடகன் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுகிறவன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கிள்ளானில் ஒரு கடைவீட்டு மாடியில் வாசிப்பார்கள். மற்ற நாட்களில் அது டியூஷன் சென்டர். வெள்ளைப் பலகையில் பிள்ளைகளின் பின்னக் கணக்கு பாதி அழிந்து கிடக்கும், அதன் முன்னால் டிரம் இருக்கும்.

அவர்களுடைய கடைசிப் பாட்டுக்காகத்தான் நான் என் வீடு இருக்கும் பூச்சோங்கிலிருந்து காரை எடுத்துக்கொண்டு போவேன். விடிகாலையில் துறைமுக வாசலில் மேஸ்திரி ஆள் கணக்கெடுப்பதைப் பற்றிய பாட்டு. நடுவில் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றுவிடும். பாடகன் "யாரு இருக்கா?" என்று கேட்பான். கூட்டம் "இருக்கேன்" என்று திருப்பிப் பாடவேண்டும். அந்தப் பதில் வந்த பிறகுதான் டிரம் அடி மறுபடி விழும், பாட்டு மேலே போகும். முதல் தடவை கேட்டபோது அந்த அறையில் நாற்காலி போதாமல் படிக்கட்டு வரை ஆட்கள் நின்றார்கள். அத்தனை பேரும் சேர்ந்து பாடியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவரையும் தெரியாது, ஆனாலும் வீட்டில் இருப்பதுபோல் இருந்தது.

அதை அவர்கள் முறையாகப் பதிவு செய்யவே இல்லை. ஸ்டுடியோவில் கூட்டத்துக்கு எங்கே போவது, நல்ல கூட்டம் வரும்போது இங்கேயே எடுத்துக்கொள்வோம் என்று தள்ளிப்போட்டார்கள். அப்படிக் கூட்டம் மறுபடி வரவில்லை. முதலில் சொந்தக்காரர்கள் வருவதை நிறுத்தினார்கள், அப்புறம் துறைமுகத்து நண்பர்கள், அப்புறம் காலேஜ் பிள்ளைகள். போன வருஷத்தில் பல ஞாயிறுகள் நான் மட்டும்தான். "யாரு இருக்கா?" என்றதும், சுருதி சேராத என் ஒற்றைக் குரல் "இருக்கேன்" என்னும். டிரம் விழும். ஒருமுறை கைப்பேசியில் பதிவு செய்து வீட்டில் கேட்டுப் பார்த்தேன். என் குரல்தான் பெரிதாகக் கேட்டது. சகிக்கவில்லை, அழித்துவிட்டேன்.

போன மாதம் வாசித்து முடித்ததும் பாடகன் என்னோடு படிக்கட்டு வரை வந்தான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த மாசம் நீங்க வராதீங்க."

எனக்குச் சுருக்கென்றது. "ஏன், நான் பாடுறது அவ்ளோ மோசமா இருக்கா?"

அவன் சிரிக்கவில்லை. "நிறுத்திடலாம்னு ஒவ்வொரு மாசமும் பேசுறோம் லா. பேசி முடிக்கிறப்ப யாராவது ஒருத்தன் சொல்வான், அந்த அக்கா வருவாங்களேன்னு. அதோட பேச்சு நின்னு போயிரும். டிரம்மர் சிங்கப்பூர்ல வேல செய்றான் அக்கா. இதுக்காக ராத்திரி பஸ் புடிச்சு வரான். எனக்கும் வீட்ல இருக்கிறது இந்த ஒரு நாள்தான்."

"பாட்டு?"

"பாட்டு இருக்கும்" என்றான். எங்கே இருக்கும் என்று நான் கேட்பதற்குள் மாடி ஏறிவிட்டான்.

ஒரு வாரம் அவன்மேல் கோபமாக இருந்தேன். விருப்பப்பட்டுக் கேட்க வருகிறவளை வராதே என்று சொல்லும் குழுவை எந்த ஊரில் பார்த்திருக்கிறோம்? அந்தக் கோபத்தின் நடுவில் டிரம்மர் ஞாபகத்துக்கு வந்தான். இடைவேளையில் பிள்ளைகளின் சின்ன மேசையில் தலையைக் கவிழ்த்து, ஷூவைக்கூடக் கழற்றாமல், அவன் தூங்குவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பாட்டென்றால் உயிரை விடுகிறான் பார் என்று பெருமையாக நினைத்திருக்கிறேன். அவனை எழுப்ப மற்றவர்கள் தயங்கியது இப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த ஞாயிறு வந்தது. வீட்டில் இருக்க முடியவில்லை. கிள்ளானுக்குப் போனேன், மாடி ஏறவில்லை. எதிர்ப்பக்கச் சாப்பாட்டுக் கடையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து டீ சொன்னேன். மாடி ஜன்னல் திறந்திருந்தது. வெகுநேரம் சுருதி மட்டும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அக்கா ஃபெடரல் ஹைவே நெரிசலில் மாட்டிக்கொண்டிருப்பார் என்று ஒருவன் சொல்லியிருப்பான். என்னை வரவேண்டாம் என்றதைப் பாடகன் வெளியே விட்டிருக்க மாட்டான். பிறகு வாசிக்கத் தொடங்கினார்கள். காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஒரு பாட்டைக்கூட விடாமல் வாசித்தார்கள். லோரிகள் போகும் சத்தத்துக்கிடையே நான் எல்லாவற்றையும் கேட்டேன். இவ்வளவு நன்றாக அவர்கள் வாசித்து நான் கேட்டதில்லை.

கடைசியில் அந்தப் பாட்டு. நடுவில் எல்லாம் நின்றது. என்னை வராதே என்றவன்தான், அதே குரலில், ஜன்னல் வழியாகத் தெருவுக்கே கேட்கும்படி "யாரு இருக்கா?" என்று கேட்டான்.

பதில் வாய் வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவன் இன்னொரு தடவை கேட்டான். டிரம் விழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மேலே நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

"டீ ஆறிப்போச்சே அக்கா, வேற போடவா?" என்றார் கடைக்காரர். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்திருந்தால் அந்த ஒரு சொல்தான் வந்திருக்கும்.