மூன்றாவது வளைவில் நஸீமா அக்கா

புதன்கிழமை காலை ஏழே முக்காலுக்கு நஸீமா அக்காவின் ஜெராக்ஸ் கடை ஷட்டர் இறங்கியிருந்தது. செவ்வாய், வியாழன், சனி என்றால் நான் கவனித்திருக்கவே மாட்டேன். அவை டயாலிசிஸ் நாட்கள், கடை மதியத்துக்கு மேல்தான் திறக்கும். புதனன்று அந்த ஷட்டர் இறங்கி நான் பார்த்ததில்லை. வேதியியல் பிராஜெக்ட் இருந்த பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்துத் தையல் கடை முருகேசன் அண்ணன் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்.

"கடை தொறக்க மாட்டாங்க பாப்பா. அக்கா விடிகாலைல தவறிட்டாங்க."

"மதியம் திறப்பாங்களாண்ணா?" என்று கேட்டேன். நான் அப்படித்தான் கேட்டேன். அவர் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து மெதுவாகச் சுருட்ட ஆரம்பித்தார்.

சேலையூரில் எங்கள் தெருவில் இருப்பவர்களுக்கு நஸீமா அக்காவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உங்கள் ரேஷன் கார்டு, ஹால் டிக்கெட், வாடகை ஒப்பந்தம் எல்லாம் அவர் கைவழியாகப் போனவைதான். அவருக்கு முப்பத்தாறு வயது. கடைக்குப் பின்னால் இரண்டு அறைகளில் அம்மாவோடு இருந்தார். ஆறு வருடங்களாக அவருடைய சிறுநீரகங்கள் வேலை செய்யவில்லை. இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும்.

போன ஞாயிறு நலச் சங்க அறையில் நடந்த இரங்கல் கூட்டத்தில் ஐந்து பேர் பேசினார்கள். எல்லோரும் உண்மையாகவே வருந்தினார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் விவரித்த பெண்ணை எனக்குத் தெரியாது. அந்தப் பெண் அமைதியானவராம். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவராம். 'பாவம்' என்ற சொல்லை எண்ண ஆரம்பித்துப் பதினொன்றில் விட்டுவிட்டேன்.

எதிர்த்துப் பேசாதவரா? காரை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு வந்து, வரிசையில் நின்ற எங்கள் தலைக்கு மேலாகத் தாளை நீட்டிய ஒருவரிடம், "சார், இந்த மிஷினுக்கு ஆள் அடையாளம் தெரியாது. பின்னாடி போய் நில்லுங்க" என்று சொன்னவர் அவர். "இந்த வயசுல இப்படி ஒரு வியாதியா" என்று உச்சுக் கொட்டிய ஆன்ட்டியிடம், "எந்த வயசுல வந்தா பரவால்லன்னு சொல்லுங்க, மாத்திக்கிறேன்" என்றார். அந்த ஆன்ட்டி இதைப் படிப்பார். அவரும் அன்று சிரித்தார் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அக்கா என்னோடு பேச ஆரம்பித்ததும் ஒரு சண்டையில்தான். எட்டாம் வகுப்பில் ஒரு பிராஜெக்ட்டைப் பிரின்ட் எடுக்கப் போயிருந்தேன். தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பதினாலாம் பக்கமும் பதினாறாம் பக்கமும் ஒண்ணாவே கீது. டீச்சர் படிக்க மாட்டாங்கன்னு நெனச்சியா?" என்றார். அப்படித்தான் நினைத்திருந்தேன். கோபம் வந்தது. அடுத்த வாரம் அவர் எந்தத் தவறும் கண்டுபிடிக்க முடியாத ஒரு பிராஜெக்ட்டை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு தவறு கண்டுபிடித்தார்.

சவூதியின் தம்மாமில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி ஒரு முறை ஊருக்கு வந்தபோது விட்டுப்போன வீடியோ கேம் ஒன்று உள்ளறை டிவியில் மாட்டியிருந்தது. ஞாயிறு மதியங்களிலும் சில சனிக்கிழமை மாலைகளிலும் அக்கா அதில் கார்ட் ரேஸ் ஓட்டுவார். பொம்மை வண்டி மாதிரியான குட்டிக் கார்கள், பன்னிரண்டு வண்டிகள், மூன்று சுற்று. என்னைக் கூப்பிட்டபோது, "நான் கேம் விளையாடறதில்லக்கா, புக்குதான் படிப்பேன்" என்றேன்.

"புக்கு பொரட்டுற விரல் பட்டன் அமுக்காதா? ஒக்காரு."

அந்த விளையாட்டில் ரேம்ப் என்று ஒன்று உண்டு. பாதையில் சரிவாக ஏறி, சட்டென்று முடிந்துவிடும் பலகை. வண்டி அதன் விளிம்பைத் தொடும் அதே நொடியில் ஒரு பட்டனை அமுக்கினால் காற்றில் குட்டிக்கரணம் போடும். தரையைத் தொட்டதும் ஒரு வேகம் கிடைக்கும். முன்னாலேயே அமுக்கினால் ஒன்றும் நடக்காது. பிந்தினால் மூட்டை மாதிரி விழும். அக்கா பட்டனை அமுக்கும்போது தோளையும் சேர்த்து உயர்த்துவார். நான் அதைச் சொன்னபோது, "வண்டி மட்டும் குதிச்சா போதுமா?" என்றார்.

எங்களுக்குப் பிடித்த மலைப்பாதையில் மூன்றாவது வளைவில் ஒரு ரேம்ப் உண்டு. சாலையோடு போனால் மலையைச் சுற்ற வேண்டும். ரேம்ப்பில் ஏறினால் பள்ளத்தைத் தாண்டி நேராக அந்தப் பக்கம் போய்விடலாம். தவறினால் பள்ளம்தான். ஒரு கிரேன் வந்து தூக்கி மறுபடி சாலையில் வைப்பதற்குள் எல்லா வண்டிகளும் போய்விடும். நான் வழக்கம்போல ஒரு நோட்டுப் போட்டு எல்லாவற்றையும் குறித்தேன். இரண்டு மாதம் கழித்து அவரிடம் காட்டினேன்.

"அக்கா, பத்து தடவையில ஆறு தடவை விழறீங்க. கணக்குப்படி ரோட்டுலயே போறதுதான் லாபம்."

நோட்டை வாங்கி ஒழுங்காகப் படித்தார். "நாலு தடவ பறக்கறேன்ல?" என்றார். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்போது நான் செய்ததை எழுத வேண்டும். கூட்டத்தில் பேசியவர்களைக் குறை சொல்லிவிட்டு இதை விட்டால் நியாயமாக இருக்காது.

போன வருடம் ஒரு சனிக்கிழமை. காலையில் டயாலிசிஸ் முடித்து வந்திருந்தார். அதற்குப் பிறகு சில நாட்களில் அவருக்கு இடது கை விரல்கள் இழுத்துக்கொள்ளும். வண்டியைத் திருப்புவது இடது கட்டைவிரல்தான். அன்று நேரான பாதையிலேயே தடம் மாறி மாறி விழுந்துகொண்டிருந்தார். மாத்திரை போட அவர் எழுந்து போனார். நான் செட்டிங்ஸுக்குள் போய் அவர் வண்டிக்கு உதவி ஓட்டத்தைப் போட்டுவிட்டேன். சின்னப் பிள்ளைகளுக்காக வைத்திருப்பது அது. வண்டி எங்கே திரும்பினாலும் விளையாட்டே அதைப் பிடித்து நடுச்சாலைக்கு இழுத்துவிடும். நான் நல்லது செய்வதாகவே நினைத்தேன்.

முதல் சுற்றில் அவர் ஒரு தடவைகூட விழவில்லை. "இன்னிக்கு இன்னா ஆச்சு எனக்கு!" என்று சிரித்தார். மூன்றாவது வளைவு வந்தது. ரேம்ப்பைப் பார்த்துத் திருப்பினார். வண்டி பாதி திரும்பி, தானாகச் சாலைக்கு வந்துவிட்டது. இரண்டாவது சுற்றிலும் அப்படியே. உதவி ஓட்டம் இருந்தால் வண்டி அந்த ரேம்ப் பக்கமே போகாது என்பது எனக்குத் தெரியாது. என் நோட்டில் அது இல்லை.

ரிமோட்டை மடியில் வைத்தார். நான்காவது இடத்தில் இருந்த வண்டி நின்றுவிட்டது.

"யாரு என் வண்டிய இழுக்கறது?"

சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வாரத்துல மூணு நாள் ஒரு மிஷின் எனக்குப் பதிலா வேல செய்யுது. அது இல்லன்னா நான் இல்ல. சரின்னு கைய நீட்டிக்கினு படுத்துக்கறேன். இங்கயும் ஒரு மிஷினாடி? அதுவும் என்னக் கேக்காம?"

"கை வலிக்குதேன்னுதான்..."

"வலிக்கிறது என் கை. வீட்டுக்குப் போ."

ஒன்பது நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. மாடம்பாக்கம் வரை நடந்து வேறு கடையில் பிரின்ட் எடுத்தேன். அந்தக் கடைக்காரர் எதையும் படித்துப் பார்க்கவில்லை. பத்தாம் நாள், இரண்டு பக்கத்துக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். கவுன்ட்டரில் நின்றபடியே முழுவதும் படித்தார். பிறகு அதை மிஷினில் வைத்து நகல் எடுத்தார்.

"ஒண்ணு எனக்கு, ஒண்ணு ஒனக்கு. மறுபடி எங்கிட்ட வேல காட்டினா இத எடுத்துக் காட்டுவேன்" என்றார். அப்புறம், "இனிமே உதவணும்னு தோணுச்சுன்னா கேளு. வேணாம்னா வாய மூடிக்கினு பக்கத்துல ஒக்காரு. அதுவும் உதவிதான், பேஜார் புடிச்ச உதவி, ஆனா உதவிதான்" என்றார்.

பக்கத்தில் உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்பதை அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவர் பேப்பர் கட்டைத் தூக்கும்போது என் கை தானாக நீளும். "தூக்கட்டுமாக்கா?" என்பேன். சில நாள் "தூக்கு" என்பார். சில நாள் "வேணாம்" என்பார். வேண்டாம் என்ற நாட்களில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

இந்த மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டவர் சங்கச் செயலாளர் சார். அக்காவைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதற்கு நன்றி. ஆனால் நான் எழுதியதைப் படித்துவிட்டு, "வீடியோ கேமெல்லாம் வேணாம்மா. இறந்தவங்களுக்கு மரியாதையா இருக்காது. 'கொடிய நோயைப் பொறுமையுடன் தாங்கினார்'னு முடிச்சிடு, போதும்" என்றார்.

"அவங்க பொறுமையா இல்ல சார்" என்றேன்.

"எழுதறதுக்குன்னு ஒரு முறை இருக்கும்மா."

இருக்கலாம். ஆனால் அவர் கேட்கும் அந்த வரி நான் அன்று செட்டிங்ஸில் செய்த அதே வேலைதான். அக்கா உயிரோடு இருந்தபோது ஒரு தடவை செய்துவிட்டேன். பதில் பேச முடியாத இடத்துக்குப் போனபிறகு இன்னொரு தடவை செய்ய மாட்டேன். விளையாட்டை எடுப்பதானால் கட்டுரை முழுவதையும் எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் செயலாளர் சார் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்திருக்கிறார் என்று பொருள்.

அக்கா இறப்பதற்கு முந்தைய ஞாயிறு நாங்கள் ஓட்டியது ஒரே ஒரு ரேஸ். அவருடைய கை வீங்கியிருந்தது. பட்டனை அமுக்குவதற்கே இரண்டு விரல் தேவைப்பட்டது. அவருடைய அம்மா வாசற்படியிலிருந்து, "ரோட்டோட போயேன்டி, இன்னிக்கி ஒரு நாளாவது" என்றார். "செட்டிங்ஸ் மாத்தட்டுமாக்கா?" என்று நான் கேட்டேன். கேட்டுத்தான் ஆக வேண்டும், எங்கள் ஒப்பந்தம் அது. "வேணாம்" என்றார். வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதல் சுற்றில் மூன்றாவது வளைவில் ரேம்ப்பில் ஏறினார். விளிம்பில் விரல் பிந்தியது. விழுந்தார். கிரேன் தூக்கி வைத்தது. இரண்டாவது சுற்றில் மறுபடி ஏறினார், மறுபடி விழுந்தார். மூன்றாவது சுற்று தொடங்கும்போது மற்ற எல்லா வண்டிகளும் முடித்துவிட்டிருந்தன. நான் சாலையோடு போய் முதலாவதாக வந்திருந்தேன். என் பாதித் திரையில் கோப்பை மின்னிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. அந்தப் பாதையில் இப்போது அவர் ஒருவர்தான். ரேம்ப் வந்தது. தோள் உயர்ந்தது. இந்த முறை வண்டி ஒரு முழுக் குட்டிக்கரணம் போட்டது, அந்தப் பக்கக் கரையில் முன்சக்கரம் பட்டது, பின்சக்கரம் படவில்லை.

பன்னிரண்டு பேரில் பன்னிரண்டாவதாக வந்தார். திரையில் அந்த எண் பெரிதாக எழுந்து நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்வை, முகம் முழுக்கச் சிரிப்பு.

"மூணு தடவையும் நானே விழுந்தேன் பாரு" என்றார்.

பொறுமை என்ற சொல்லை விரும்புகிறவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நஸீமா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பன்னிரண்டாம் இடத்தை.