மார்த்தாள் அக்காவின் கோப ஜெபம்

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் சபையில் மணியடிக்கும் கோயில்பிள்ளை மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் வந்து நின்றார். "டீச்சருங்க, மார்த்தாள் அக்கா ஆண்டவர்கிட்டப் போயிட்டாங்க" என்றார். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போய் அதை இறக்கி வைத்துவிட்டு வந்துதான் அழுதேன். அக்கா உயிரோடு இருந்து பார்த்திருந்தாலும் "முதல்ல பாலைப் பாரு" என்றுதான் சொல்லியிருப்பார்.

அடக்க ஆராதனை அறிவிப்பில் "சாந்தமே உருவான சகோதரி" என்று போட்டிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவரோடு ஒரு நாளாவது தேயிலைக் கொழுந்து எடுத்தவர்கள் அப்படி எழுதமாட்டார்கள். கூடலூர்ப் பக்கத்திலேயே அவ்வளவு முன்கோபக்காரி கிடையாது. எடைபோடுகிறவர் முதல் குருவானவர் வரை அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் இல்லை. அவரை அறியாதவர்களுக்காகவாவது உள்ளபடி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

நான் அன்னூர்ப் பக்கத்துக்காரி. கணவருக்கு ஃபேக்டரியில் வேலை, எனக்கு எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் வேலை. எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், அடுத்த வீட்டுக்கு அக்கா வந்தது, சிலோன் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப, அவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கிய காலம். அவர் கணவர் வந்த மறுவருஷமே நெஞ்சு நோயில் போய்விட்டார். ஒரே மகன் தாவீது இன்னும் அங்கேதான் இருந்தான். வயது வந்தவன் என்பதால் இந்தியா வர அவனுக்குத் தனியாக மனு எழுதிப் போட்டிருந்தார்கள். பெற்றோரின் முறை முதலில் வந்துவிட்டது. "அடுத்த கப்பல்ல அனுப்பிடுறோம்னு சொன்னாங்க. நம்பி ஏறிட்டேன்" என்பார் அக்கா. அதற்குமேல் பேசமாட்டார்.

பிறகு அங்கே கலவரம் வந்தது. தமிழர் கடைகளை எரிக்கிறார்கள், லயங்களுக்குத் தீ வைக்கிறார்கள் என்று ரேடியோவில் கேட்டோம். தாவீது வேலை பார்த்த ஊரிலிருந்து வந்து சேர்ந்த ஒருவர், அவனிருந்த லயம் எரிந்ததைப் பார்த்ததாகவும், அவனைப் பார்க்கவில்லை என்றும் சொன்னார். அக்கா அன்றும் கூடையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். யாரும் அவரை நேராகப் பார்க்கவில்லை.

எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் சோமாவதி என்று ஒரு பெண் இருந்தாள். சிங்களத்தி. தோட்டத்தில் வேலை செய்த நம் ஆளைக் கட்டிக்கொண்டு, தன் சனத்தை விட்டு அவனோடு கப்பலேறி வந்தவள். அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள். கணவன் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். கலவரச் செய்தி வந்ததிலிருந்து குழாயடியில் அவள் குடத்தை எட்டித் தள்ளினார்கள். அவள் வீட்டுக் கதவில் கல் விழுந்தது. தம்பியின் கடையை அங்கே பறிகொடுத்த ராஜு என்பவன், இரண்டு மூன்று பையன்களைச் சேர்த்துக்கொண்டு, "அவளை இந்த எஸ்டேட்டை விட்டே துரத்துறேன், இல்லாட்டி வீட்டைக் கொளுத்துறேன்" என்று வெளிப்படையாகவே சொல்லித் திரிந்தான்.

எங்கள் சபையில் வாரம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். கூட்டம் நடக்கிற வீட்டுக்காரர் எழுந்து, அந்த வாரம் ஆண்டவர் தமக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். அந்த வாரம் அக்காவின் முறை. கூட்டத்தை நடத்தும் உபதேசியார் அதை ஆறுதல் கூட்டமாகவே மாற்றிவிட்டார். லயமே திரண்டு வந்தது. ராஜுவும் வந்து கதவோரம் நின்றான். சாயங்கால மழை தகரத்தில் கொட்டியது. அக்கா சாட்சி சொல்ல எழுந்தார். அப்படியே எங்களையெல்லாம் தாண்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். துக்கம் தலைக்கேறிவிட்டது என்றுதான் நினைத்தோம்.

திரும்பி வந்தபோது சோமாவின் கையைப் பிடித்திருந்தார். பிடித்திருந்தார் என்பதைவிட இழுத்து வந்தார் என்பதே சரி. அவளைப் பாயின் நடுவில் உட்கார வைத்தார்.

"இவ இனி இங்கதான் இருப்பா. இதான் என் சாட்சி. பிடிக்காதவங்க எழும்பிப் போகலாம்."

பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். ராஜு உள்ளே ஒரு அடி வைத்தான். அவன் கையில் விறகுக்கட்டை இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"அக்கா, உங்க மகனுக்காகத்தான் நாங்க நிக்கிறோம்" என்றான்.

"எம் மகன் உன்கிட்டச் சொன்னானா? அங்க நெருப்பு வச்சப்ப இவ இங்க எம் பக்கத்து நிரையில கொழுந்து எடுத்துக்கிட்டிருந்தா. கட்டையைக் கீழ போடு. இல்லாட்டி முதல்ல என்னை அடி."

சோமா எழப் பார்த்தாள். "நான் போறேன் அக்கே. என்னால உங்களுக்குத்தான் கரைச்சல்" என்றாள்.

"உட்காருடி!" என்று அக்கா போட்ட சத்தத்தில் எழுந்து நின்றவர்களெல்லாம் உட்கார்ந்தார்கள். ராஜு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கட்டையைச் சுவரில் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு வெளியே போனான்.

மறுநாள் அக்கா காப்பகப் பக்கம் வந்தபோது, "எப்படீங்கக்கா உங்களுக்கு மனசு வந்துச்சு?" என்று கேட்டேன்.

"மனசு எங்க வந்துச்சு? அவளைப் பார்த்தாலே வயிறு எரியுது. அவ பாஷை காதுல விழுந்தா எம் பிள்ளைதான் கண்ணு முன்னால நிக்கிறான். ராஜு கல்லெறியிறதைப் பார்த்தப்ப உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்துச்சு. அந்தச் சந்தோசத்தைப் பார்த்துத்தான் பயந்துட்டேன். அதோட எப்படி முழங்கால் போடுறது?"

எங்கள் லயத்தில் இடைச்சுவர் கூரைவரை எட்டாது. அடுத்த வீட்டுப் பேச்சு அப்படியே காதில் விழும். அதன்பிறகு விடியற்காலையில் அக்காவின் ஜெபம் இப்படித்தான் கேட்கும்: "ஆண்டவரே, இவ ஆக்குற குழம்பு வாசனைகூட எனக்கு ஆகலை. இன்னைக்கு நான் கை ஓங்காம நீர்தான் பாத்துக்கணும். எம் பிள்ளை எங்கன்னு கேட்டேனே, வாயைத் திறக்கமாட்டீரா?" பயபக்தியாக வளர்க்கப்பட்ட எனக்குத் தூக்கிவாரிப் போடும். ஆண்டவரை இப்படியெல்லாம் கேட்கலாமா என்று என் கணவர் போர்வைக்குள்ளிருந்து முணுமுணுப்பார்.

சோமாவுக்கு அக்காவின் வீட்டில்தான் பெண் குழந்தை பிறந்தது. குளிப்பாட்டி எடுத்ததும் அக்காதான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய கணவன் மனைவியையும் குழந்தையையும் கூட்டிப் போன அன்று, அக்கா நாள் முழுக்க எல்லோர்மேலும் எரிந்து விழுந்தார். ஜெபத்தில் தாவீதின் பெயரை அடுத்து சோமாவின் பெயரும் வர ஆரம்பித்திருந்தது. எந்த நாளிலிருந்து என்று எனக்கே தெரியவில்லை. கேள்வி மட்டும் நிற்கவில்லை. தாவீதைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை.

துன்பம் அக்காவைப் பக்குவப்படுத்தியது என்று கல்லறையில் பேசினார்கள். இருக்கலாம். நான் பார்த்தவரை அது ஒரு நாளில் நடக்கவில்லை, நோகாமலும் நடக்கவில்லை.

கடைசியாக அக்காவை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, கூடவே இருந்து பார்த்துக்கொண்ட சோமா வெந்நீர் வாங்கப் போயிருந்த நேரம், மெதுவாகக் கேட்டேன்: "இவளை எப்பங்கக்கா மன்னிச்சீங்க?"

அந்த நிலையிலும் முறைத்தார். "அவளை எதுக்கு மன்னிக்கணும்? அவ என்ன பண்ணினா? ஆண்டவரை மன்னிக்கத்தான் எனக்கு இத்தனை வருஷம் ஆச்சு."

அந்தப் பேச்சைக் குருவானவரிடம் சொன்னால் என்ன சொல்வாரோ தெரியாது. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான்: கோபம் தீரட்டும் என்று காத்திராமல் கோபத்தோடேயே அவர் போட்ட முழங்காலை.

அடக்கம் முடிந்த மறுநாள் விடியற்காலை நானும் முழங்காலிட்டேன். ஒரு தாய்க்கு மகன் இருக்கிறானா இல்லையா என்ற ஒரு வார்த்தையைக்கூடச் சொல்லாமல் அவரை எடுத்துக்கொண்டீரே என்று கேட்டேன். பதில் வரவில்லை. நானும் எழுந்துவிடவில்லை.