கடை மூலையில் கேட்ட பேஸ்

சட்டை விற்கிறவனிடம் கண்ணாடி இருக்கிறது, செருப்பு விற்கிறவனிடம் ஸ்டூல் இருக்கிறது. ஸ்பீக்கர் விற்கிறவனுக்கு மட்டும் வாங்க வருபவரின் காதைத் தவிர வேறு சாட்சி கிடையாது. கண்டி டவுனில் ஒரு கடையில் ஆறு வருடம் அப்படி நின்றவன் நான். நின்று நின்று கால் கடுத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

வீட்டில் பாட்டுக் கேட்பதற்கு, புத்தகத் தட்டில் அடங்குகிற சின்ன ஸ்பீக்கர்தான் எங்களிடம் அதிகம் போகும். வருகிறவர்கள் இரண்டு மூன்று ஜோடிகளை மாற்றி மாற்றிப் போடச் சொல்வார்கள். கேள்வி ஒன்றுதான்: எதில் பேஸ் கூட? அடியில் வருகிற அந்தக் கனத்த சத்தத்துக்காகவே வாங்குகிறவர்கள் பாதிப்பேர். நானும் சளைக்காமல் பதில் சொன்னேன். அதில் ஒரு பதில் வத்தேகமயிலிருந்து வந்த ஓர் அக்காவை ஏமாற்றிவிட்டது. அது இன்னும் உறுத்துகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சிரிக்கக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன்.

போர்டு

முதலாளிக்கு ஒரு நாள் ஆசை வந்தது. ‘கண்டியிலேயே சிறந்த பேஸ் இங்கே’ என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி வாசலில் மாட்டினார். நம் ஊரில் மேசனும் தச்சனும் ‘பாஸ்’ என்பதை அவர் யோசிக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் அந்த பாஸுக்கும் இந்த பேஸுக்கும் ஒரே எழுத்துத்தான்.

மூன்றாம் நாள் பன்விலப் பக்கத்திலிருந்து ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கூரை வேலைக்கு எத்தனை பாஸ் வருவார்கள் என்று கேட்டார். நான் விளக்கினேன். வந்தவரைச் சும்மா அனுப்ப மனமில்லாமல் ஒரு பாட்டையும் போட்டுக் காட்டினேன். மரியாதைக்காக முழுப் பாட்டையும் நின்று கேட்டார். பிறகு குடையை விரித்தபடி சொன்னார்: “சத்தமெல்லாம் நல்லாத்தாங்க இருக்கு. ஆனா இத வச்சு கூரை ஒழுக்க நிப்பாட்ட முடியாதுங்களே.”

இடமாற்றம்

எங்கள் கடையில் ஒரு வித்தை இருந்தது. விற்கவேண்டிய ஜோடியை இரண்டு சீமெந்துச் சுவர்களும் சேர்கிற மூலையில் வைப்போம். மற்றதை நடுவில், சுவரை விட்டுத் தள்ளி வைப்போம். மூலையில் எதை வைத்தாலும் பேஸ் பெருகும். சுவர் செய்கிற வேலை அது. பெயர் ஸ்பீக்கருக்குப் போகும்.

திகனயில் புடவைக்கடை வைத்திருந்த ஒரு ஹாஜியார் வந்தார். இரண்டையும் கேட்டார். தாடியைத் தடவினார். “ரெண்டையும் இடம் மாத்தி வைங்க பாப்போம்” என்றார். மாற்றினேன். விலை குறைந்த ஜோடி வென்றுவிட்டது. எனக்கு முகம் வேர்த்தது. அவருக்குக் கோபமே வரவில்லை. விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு, தோளில் தட்டிச் சொன்னார்: “பயப்படாதீங்க மகன், நாங்களும் சாரிய லைட்டுக்குக் கீழ வெச்சித்தான் காட்டுற.”

பாட்டுல

அன்று முதலாளி கண்டபடி ஏசினார். இனி ஒரு தரம் இடம் மாற்றினால் வீட்டுக்குப் போகலாம் என்றார். அந்தச் சூடு ஆறுவதற்குள்தான் வத்தேகம அக்கா வந்தார். ஐம்பது வயது இருக்கும், கழுத்தில் சின்னச் சிலுவை.

“எங்க வீட்டுக்காரரு பேஸ்” என்றார்.

போர்டு ஞாபகத்தில், “மேசனா அக்கா, தச்சு வேலையா?” என்று கேட்டுவிட்டேன்.

“இல்ல தம்பி, பாட்டுல. கோயில் பாட்டுக் குழுவுல.”

வீட்டுக்காரர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கிறிஸ்து பிறப்புக்குப் பாடிய ஒரு நத்தார்ப் பாட்டு மட்டும் போனில் பதிவாகியிருந்தது. நாலு குரல்களில் அடிக்குரல் அவருடையது. போனில் கேட்டால் மற்ற மூன்றும் வரும், அது வராது. அதைக் கேட்பதற்குத்தான் ஸ்பீக்கர்.

நடுவில் இருந்த ஜோடியில் போட்டேன். தலையாட்டி மறுத்தார். இன்னொன்றில் போட்டேன். “கொஞ்சம்” என்றார். மூலையில் இருந்ததில் போட்டதும் கையை வாயில் வைத்துக்கொண்டார். மூலையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “இந்தா இருக்காரு. இதையே கட்டிக் குடுங்க தம்பி.”

கதிரை

பத்து நாளில் திரும்பி வந்தார், வெறுங்கையோடு. “வீட்டுல அவரு இல்ல தம்பி” என்றார், அவ்வளவுதான். சண்டை பிடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

விலாசம் கேட்டு வாங்கிக்கொண்டு, ஞாயிறு பஸ் ஏறி வத்தேகமவுக்குப் போனேன். வீட்டு ஹோலின் நடுவில் மேசை போட்டு, வீட்டுக்காரருடைய படத்துக்கு இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் பெட்டிகளை அழகாக வைத்திருந்தார். அங்கே எப்படி வரும்? சுவரோரம் நகர்த்திப் பார்த்தேன், கொஞ்சம் வந்தது. ஹோலில் ஒரு மூலைதான் இருந்தது. அதில் யாரும் உட்காராத ஒரு பழைய கதிரை. எடுக்கட்டுமா என்று கேட்டேன். அக்கா வந்து கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“எடுக்க வேணாம். அதுலயே வைங்க.”

இரண்டு பெட்டிகளையும் கதிரையில் பக்கம் பக்கமாக வைத்துப் பாட்டைப் போட்டேன். மூன்று குரல்களுக்கும் அடியில் நாலாவது குரல் எழும்பி வந்தது.

“அக்கா, கடையிலயும் மூலையில வச்சுத்தான் காட்டுனேன். தெரிஞ்சே சொல்லாம விட்டேன். என்னை மன்னிச்சிருங்க” என்றேன். அவர் பாட்டு முடியும்வரை என் பக்கம் திரும்பவில்லை. முடிந்ததும் கதிரையைப் பார்த்தபடியே சொன்னார்: “வீட்டுல இருந்தா அவரு அந்த மூலையிலதான் தம்பி இருப்பாரு. நடுவுல வந்து உக்காரச் சொன்னா கேக்கவே மாட்டாரு.”

அதற்குப் பிறகு யார் வந்து பேஸ் கேட்டாலும், “உங்க வீட்டுல மூலை காலியா இருக்கா?” என்று விசாரித்த பிறகே பெட்டியைத் தொட்டேன், முதலாளி அதையும் ஒரு புது விற்பனை வித்தை என்று நினைத்து என்னை மெச்சிக்கொண்டார்.