பிரேக்டவுன் அறையில் மழை நாட்கள்

அம்பிட்டிய மேட்டிலிருந்து பஸ் ஏறி மேபல் முதன்முதலாக வேலைக்குப் போனபோது அவருக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை. இப்போது ஓய்வுக்குச் சில வருடங்களே பாக்கி. இடைப்பட்ட காலம் முழுக்க ஒரே மின்சாரக் கம்பனி, உடரட்ட எனர்ஜி. இருந்ததும் ஒரே அறை, கண்டி அலுவலகத்தின் பிரேக்டவுன் அறை. எங்கே கரண்ட் போனாலும் சனங்கள் முதலில் கேட்பது மேபலின் குரலைத்தான். சிங்களம், தமிழ், இங்கிலீஷ் எல்லாவற்றிலும் திட்டு வாங்கியிருக்கிறார், எல்லாவற்றிலும் சமாதானமும் சொல்லியிருக்கிறார்.

அந்த அறையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தச் சுற்றறிக்கையிலும் கிடையாது. கம்பத்தில் ஏறிய லைன்மேன் வேலை முடித்துத் தரையில் கால் வைத்ததும் வயர்லெஸ்ஸில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது வரும்வரை, வேலை நேரம் முடிந்திருந்தாலும், அறையில் இருப்பவர்கள் கிளம்பமாட்டார்கள். மேபல் அண்ணன் முறை வைத்து ‘நானா’ என்று கூப்பிடும் லைன்மேன், மடவளை சாஹுல் ஹமீது, ஒரு வார்த்தையோடு நிறுத்துகிறவர் அல்ல.

“எறங்கிட்டன் மிஸ். மேல நல்ல காத்து. கீழ வந்தாத்தான் சூடு. டீ ஈக்கா?”

“வாங்க நானா, ஊத்தி வச்சிருக்கேன்.”

மத்தியானம் நீள மேசையில் எல்லாரும் சேர்ந்துதான் சாப்பிடுவார்கள். எந்தச் சோற்றுப் பார்சல் யாருடையது என்பதெல்லாம் அவிழ்க்கும்வரைக்கும்தான். மேபலின் தாய் இறந்தபோது பெட்டியைத் தூக்கியவர்களில் பாதிப்பேர் கம்பனிச் சட்டையோடு வந்த லைன்மேன்கள். அன்றைக்கு மேபலின் புருஷன் அம்புறோஸ், “ஒனக்கு இவ்வளவு அண்ணன் தம்பி இருக்கிறது எனக்குத் தெரியாதே” என்றார்.

பிறகு நிர்வாகம் மாறியது. தொலைபேசி அழைப்புகள் கொழும்புக்குப் போய், அங்கிருந்து பிரிந்து வந்தன. மேபலுக்குத் திரையும் காதுக்கு ஒரு கருவியும் கிடைத்தன. ஆளுக்கு ஒரு பலகைத் தடுப்பு வந்தது. லைன்மேன்கள் இறங்கியதும் போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், திரையில் பச்சைப் புள்ளி விழும். சாப்பாட்டு நேரத்தை ஆளுக்கொன்றாகப் பிரித்துவிட்டதால் நீள மேசைக்கு வேலை இல்லாமல் போனது. அதையும் எடுத்துவிட்டார்கள். கதிரையை விட்டு எழுந்தால் கணினி அதைக் குறித்துக்கொண்டது. சத்தமாகச் சிரித்ததற்காக ஒருத்திக்கு விளக்கம் கேட்டார்கள். அதன் பிறகு எல்லாரும் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். யார் யாரைப் பற்றி மேலே சொல்வார்கள் என்று தெரியாது.

ஹமீதின் குரலைக் கேட்காமலே மாதங்கள் போயின. பச்சைப் புள்ளி தவறாமல் விழுந்தது.

அப்படியிருக்கும்போதுதான் கார்த்திகையில் அந்தப் பெருமழை வந்தது. மலைகள் சரிந்தன. ரோட்டுகள் அறுந்தன. போன் கோபுரங்கள் ஒவ்வொன்றாக அடங்க, திரையும் கறுத்துப்போனது. கொழும்போடு பேச வழியில்லை. மேபல் அலுமாரியைத் திறந்து பழைய வயர்லெஸ்ஸை எடுத்து, ஜெனரேட்டரில் போட்டு, மாதக்கணக்காகச் சொல்லாதிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்.

வேனில் கழற்றாமல் விட்டிருந்த பழைய செட்டில், இரைச்சலுக்குள்ளே இருந்து ஹமீது பதில் சொன்னார்.

“மேபல் மிஸ்ஸா? யா அல்லாஹ், நீங்க ஈக்கிறீங்களா?”

வீட்டுக்குப் போக வழியில்லாதவர்கள் அலுவலகத்திலேயே தங்கினார்கள். கணக்குப் பகுதியில் வேலை செய்யும் சஞ்சீவனி பக்கத்துக் கடைக்காரரிடம் அரிசியும் பருப்பும் கேட்டு வாங்கி வந்தாள். கார் நிறுத்துமிடத்தில் அடுப்பு மூட்டினார்கள். நீள மேசை இல்லாததால் தடுப்புப் பலகைகளைக் கழற்றித் தரையில் போட்டுச் சுற்றி உட்கார்ந்தார்கள். நனைந்து வந்த லைன்மேன்களுக்கு அதிகாரிகளே பரிமாறினார்கள். ஒவ்வொரு குழுவும் இறங்கியதாகச் சொல்லும்வரை யாரும் கையைச் சோற்றில் வைக்கவில்லை. அப்படிச் செய்யும்படி யாரும் சொல்லவுமில்லை.

இரண்டாம் நாள் பின்னேரம் ஹமீதின் குழு அலவத்துகொடைக்கு மேலே, மண் சரிந்த ஒரு பக்கத்தில் நின்றது. சஞ்சீவனியின் அண்ணன் குடும்பம் அங்கேதான் இருந்தது.

“மிஸ்,” என்றார் ஹமீது. “சஞ்சீவனி புள்ள பக்கத்துல ஈக்கிறாவா? இல்லாட்டி நல்லம். மதினியும் மகளும் பள்ளிவாசல்ல ஈக்கிறாங்க, சுகம். அண்ணன் இல்ல மிஸ். நான் கண்ணால பாத்துட்டன்.”

அடுப்படிக்குப் போய் அதைச் சொன்னவர் மேபல்தான். சஞ்சீவனி அகப்பையைக் கீழே வைக்காமல் நின்றாள். பிறகு மேபலின் தோளில் சாய்ந்தாள். அன்று முழுக்க ஆள் மாற்றி ஆள் அவள் பக்கத்தில் இருந்தார்கள். ரோடு திறந்ததும் கம்பனி வண்டியிலேயே அவளைக் கூட்டிப்போனார்கள்.

மழை விட்டது. கரண்ட் வந்தது. திரையும் வந்தது. எல்லாருக்கும் ஒரே மாதிரியான ஒரு நன்றிச் செய்தி போனுக்கு வந்தது. தடுப்புகளைத் திரும்ப ஆணியடித்தார்கள். அனுமதியில்லாத கருவி என்று வயர்லெஸ்ஸைக் கொழும்புக்கு எடுத்துப்போனார்கள்.

மேபலுக்கு அதன் பிறகு மனம் எங்கும் ஒட்டவில்லை. ஒருநாள் வீட்டில் சாப்பிடும்போது, “அந்த மழை நாளுங்க மாதிரி இன்னொரு தடவை வராதான்னு இருக்கு” என்று வாய்தவறிச் சொன்னார்.

அம்புறோஸ் கையை நிறுத்தினார். “எத்தனை பேர் மண்ணுக்குள்ள போனாங்க. அதையா நெனச்சு ஏங்குற?”

அவர் கேட்டதில் பிழையில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழந்தாளில் நின்றபோது, இதை எப்படிச் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று மேபலுக்குத் தெரியவில்லை.

மாசியில் கொழும்பிலிருந்து நிலூஷா என்ற அதிகாரி, ஊழியர்களின் கருத்தைக் கேட்க வந்தாள். இளம்பெண், இனிமையாகப் பேசினாள். மனதில் இருப்பதைப் பயமில்லாமல் சொல்லலாம் என்றாள். எல்லாரும், எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கிறது என்றார்கள். மேபலின் முறை வந்தது.

“நாங்க ஒருத்தரை ஒருத்தர் தேடாமப் போயிட்டோம், மிஸ். முந்தி தேடினோம். மழை நாள்ல திரும்பவும் தேடினோம். அந்த நாளுங்கதான் எனக்கு வேணும்.”

பின்வரிசையில் இருந்த சஞ்சீவனி எழுந்து வெளியே போய்விட்டாள்.

கூட்டம் முடிந்ததும் மேபல் அவளைத் தேடினார். ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்துப் படியில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

“மன்னிச்சிரும்மா. ஒன் அண்ணனை நெனைக்காமப் பேசிட்டேன்.”

சஞ்சீவனி இல்லையென்று தலையாட்டினாள். “அதுக்கில்லக்கா. நீங்க பேசினதும் எனக்கும் அதே நெனப்புத்தான் வந்துச்சு. அண்ணன் செத்த நாளைப் போய் நெனச்சு ஏங்குறேனேன்னு அழுகை வந்திருச்சு. அன்னைக்கி எல்லாரும் என்னைச் சுத்தி இருந்தீங்க. இப்ப மூணு மாசமா, எப்படி இருக்கேன்னு ஒருத்தர்கூட கேக்கல. நீங்ககூட கேக்கலியே அக்கா.”

மேபல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் கதிரைக்குத் திரும்ப வெகுநேரம் ஆனது. அதற்கு மறுநாளே விளக்கம் கேட்டார்கள். தலைவலி என்று இருவருமே சொன்னார்கள்.

நிலூஷாவின் வருகையால் ஒன்று நடந்தது. ஒற்றுமை வளர்க்கவென்று ஒரு சனிக்கிழமை எல்லாரையும் ஹோட்டல் ஒன்றுக்கு அழைத்து, நிற நிறமாக டீ-ஷேர்ட் கொடுத்து, கயிறு இழுக்கவைத்தார்கள். மேபலும் சஞ்சீவனியும் போகவில்லை. அன்று ஹமீதின் வேனில் சஞ்சீவனியின் மதினி வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குப் போனார்கள். மதினி கிழங்குக் கறி சமைத்திருந்தாள். சின்ன மகள் ஹமீதின் மடியை விட்டு இறங்கவேயில்லை.

திரும்பி வரும்போது ஹமீது சொன்னார், “நான் முன்கூட்டியே பென்ஷன் கேட்டுட்டன் மிஸ். இனி ஏலா. கம்பத்துக்கு மேல தன்னந்தனியாத் தொங்குற மாதிரி ஈக்கிது.”

“அப்ப அங்க எனக்கு யார் இருக்கா, நானா?”

ஹமீது கண்ணாடியில் பின்னால் பார்த்தார். சன்னலில் தலை சாய்த்து சஞ்சீவனி தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் வேனை மெதுவாக்கினார்.

திங்கட்கிழமை மேபல் திரையின் முன்னால் இருந்தார். மழைக்கு முந்திய ஆட்களும் குரல்களும் நினைவில் ஒவ்வொன்றாக வந்துபோயின. பத்து மணியளவில் காதுக் கருவியைக் கழற்றி வைத்தார். எழுந்ததும் திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி விழுந்தது. அதைப் பார்த்தும் நிற்காமல் நடந்து, சஞ்சீவனி வேலை செய்யும் கணக்குப் பகுதி இருக்கும் மாடிக்குப் படியேறினார்.