பண்ணையில் பிறந்த பிரானா

எங்கள் வீட்டு முன்னறையில், என் தையல் மிஷினுக்கு எதிரே, ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதில் நாலு பிரானா மீன்கள். சங்கரன்கோவிலில் குழாயில் தண்ணீர் வருகிற லட்சணம் ஊருக்கே தெரியும். வந்த தண்ணீரில் முதல் பங்கு மீனுக்குத்தான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரரின் இரட்டை நாக்கைத்தான் பொறுக்க முடியவில்லை.

சாயங்காலமானால் அவருடைய கூட்டாளிகள் வந்துவிடுவார்கள். உடனே பாடம் ஆரம்பமாகும். "காட்டு மீனுக்கு வயிறு ரத்தச் சிவப்பா இருக்கும்டே. இது பண்ணையில பொரிச்சது, கொஞ்சம் வெளுத்துதான் இருக்கும். ஆனா பல்லுல ரெண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. கைய விட்டா எலும்புதான் மிஞ்சும்." கூட்டாளிகள் ஒரு எட்டு பின்னால் போவார்கள். அவருக்குப் பெருமை தாங்காது.

அவர்கள் போனதும் கண்ணாடியில் படிந்த பாசி அவர் கண்ணில் படும். துடைக்கிற வேலை என்னுடையது. நான் தயங்கினால், "ஏட்டி, இது என்ன ஆத்துல பிடிச்ச மீனா? தொட்டியிலயே பொறந்து தொட்டியிலயே வளந்தது. ஆளுகளப் பாத்துப் பழகுனது. நான்தான் சொல்லுதேன்லா, உன்னைய ஒன்னும் செய்யாது" என்பார். ஊராருக்குப் புலி, எனக்குப் பூனை. ஒரே மீன்!

அவை புலியும் இல்லை, பூனையும் இல்லை. நாள் முழுக்க எதிரே உட்கார்ந்து தைக்கிற எனக்குத் தெரியும். ஆற்றில் பிடித்த மீன் ஆள் நிழலைக் கண்டாலே விலகி ஓடுமாம். இவை என்னைக் கண்டால் கண்ணாடியோரம் வந்து நிற்கும். இரை போடுகிறவள் நான்தானே. ஆனால் கதவைப் படாரென்று சாத்தினால் போதும், நாலும் மூலையில் போய் ஒண்டிக்கொள்ளும். பழகிய மீன்தான், பயம் மட்டும் போகவில்லை. பயந்த பிராணி கடிக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரியாதா?

ஆடித்தபசுத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. ரவிக்கைத் துணிகள் குவிந்து கிடந்தன. ஆவணியில் கல்யாணம் வைத்திருந்த கரிவலம்வந்தநல்லூர்ப் பெண்ணின் பட்டு ரவிக்கையும் அதில் இருந்தது. "நாளைக்கு ஆளுக வாராங்க, கண்ணாடியத் துடைச்சிரு" என்று சொல்லிவிட்டு அவர் செல்போனில் மூழ்கிவிட்டார். தேய்க்கிற பஞ்சோடு தொட்டிக்குள் கையை விட்டேன். மூலையைத் தேய்க்கப் போனபோது, அங்கே ஒண்டியிருந்த மீனுக்கு ஓட வழியில்லாமல் போய்விட்டது. என் வலது ஆட்காட்டி விரலில் சதை பிய்ந்து தொங்கியது.

ஆஸ்பத்திரியில் தையல் போடுகிற டாக்டரிடம் அவர் சொல்கிறார்: "நல்லவேளை சார், பண்ணை மீனு. காட்டு மீனா இருந்தா விரலே போயிருக்கும்." எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, மரத்துப்போன அந்தக் கையாலேயே ஓங்கி ஒன்று வைத்திருப்பேன். டாக்டர் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கத்திரிக்கோல் பிடிக்க முடியவில்லை. கல்யாணப் பெண்ணின் அம்மா வந்து, "ஒன்னும் நெனைக்காத மக்கா, நாள் நெருங்கிருச்சு" என்று துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறொரு தையல்காரியிடம் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கல்யாண ரவிக்கை கை மாறினால் அந்த வீட்டு வாடிக்கையே கை மாறின மாதிரிதான். மற்ற துணிகளும் ஒவ்வொன்றாகப் போயின. மிஷின் சும்மா கிடந்தது.

கண்ணாடி மறுபடியும் பச்சையானது. அவர் என் விரலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், பைக்கை எடுத்துக்கொண்டு மீன் வாங்கின கடைக்குப் போனார். நீளமான காம்பு வைத்த பிரஷ் ஒன்றோடு திரும்பினார். ஒரு விரல்கூட நனையாமல் மூலை முடுக்கெல்லாம் தேய்த்து முடித்தார்.

"இப்படி ஒன்னு இருக்குன்னு எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"மீன் வாங்கும்போதே கடைக்காரன் காட்டுனான்" என்றார், திரும்பிப் பார்க்காமலே. "அப்ப அது தேவைன்னு தோணல."