பட்டப்பகலில் ராத்திரி போடுகிறவள்

கயிற்றை இழுக்கிறாள். கறுப்புப் படுதா சரசரவென்று இறங்குகிறது. வெளியே மூணு மணி வெயில் மண்டையைப் பிளக்கிறது, கொட்டகைக்குள் கும்மிருட்டு. "ராத்திரி ஆயிருச்சு, படுங்கடா" என்று ஆடுகளிடம் சொல்கிறாள். நம்பாத கிடா ஒன்று கத்துகிறது. "உன்கிட்ட யாரும் மணி கேக்கல."

பண்ணையில் அவளுக்கு ராத்திரியக்கா என்றுதான் பேர். கோடையில் ஆட்டை ஏமாற்றுவது அவள் வேலை. இவை பஷ்மினா ஆடுகள். மேலே இருப்பது முரட்டு முடி. அதைக் கைவிட்டு விலக்கினால் அடியில் பஞ்சு மாதிரி ஒரு ரோமம். சால்வைக்கு ஆவது அதுதான். தோலுக்குள் முரட்டு முடிக்குப் பெரிய வேர், அதைச் சுற்றிக் கோழிக்குஞ்சுகள் மாதிரி பஞ்சுக்குச் சின்னச் சின்ன வேர்கள். பகல் குறுகி ராத்திரி நீண்டால்தான் அந்தச் சின்ன வேர்கள் முழித்துக்கொள்ளும். பகல் திரும்ப நீண்டால் தூங்கப் போய்விடும், பஞ்சு தானாக உதிரும். குளிரைப் பார்த்து அல்ல, இருட்டைப் பார்த்துத்தான் ஆடு கணக்குப் போடுகிறது.

இது தெரிந்த நாளிலிருந்து அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆட்டுக்கு யார் காலண்டர் கொடுத்தது? மூளைக்குள் பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கிறது, இருட்டில்தான் அது சுரக்கும் என்று ஆராய்ச்சி செய்கிற டாக்டரம்மா சொன்னார். அப்படியானால் குருட்டு ஆட்டுக்கு? இப்படிக் கேட்டுக் கேட்டே டாக்டரம்மாவின் டீயை ஆறவைத்துவிடுவாள். பஸ்ஸில் முன்சீட்டு வழுக்கையைக்கூட விடுவதில்லை. "வேரெல்லாம் உள்ள இருக்கு, தூங்குது" என்று பக்கத்துச் சீட்டுக்காரரிடம் தீர்ப்புச் சொல்லிவிடுவாள். கேட்டவருக்குச் சிரிப்பதா, இறங்கிவிடுவதா என்று தெரியாது.

இருட்டு இருட்டாகவே இருக்க வேண்டும். அதில் மட்டும் பண்ணையில் மன்னிப்புக் கிடையாது. இவளுக்கு முன்னால் இருந்தவர் ட்யூப்லைட்டை அணைக்க மறந்து ஒரு பருவத்து வேலையையே கெடுத்தார். அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

அக்காவுக்கு ஒரே மகள். தானே ஒருத்தனைப் பார்த்துக் கட்டிக்கொண்டாள் என்று பேச்சை நிறுத்தியாகிவிட்டது. அந்த மகள் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவது கொட்டகைக்கு மேற்கே, எதிர்த்த நிறுத்தத்தில். படுதாவின் மேற்கு ஓரத்தைக் கையகலம் மடித்து ஊக்குக் குத்தினால் நன்றாகத் தெரியும். "என் மூஞ்சில முழிக்காதேன்னுதான் சொன்னேன். நான் பாக்க மாட்டேன்னு சொல்லலையே" என்பாள் வீட்டுக்காரரிடம். மகள் தெரு திரும்பியதும் ஊக்கைக் கழற்ற வேண்டும். அக்காவுக்குக் கை வராது. பொழுது சாயும் வரை அது அப்படியே இருக்கும். கையகல வெளிச்சம் என்ன செய்துவிடும் என்றுதான் நினைத்திருந்தாள்.

இந்த வாரம் பஞ்சு அளந்தார்கள். ஒவ்வொரு கிடாவின் குட்டிகளுக்கும் தனித்தனி அடைப்பு. எல்லா அடைப்பிலும் விரல் புதைகிற பஞ்சு. மேற்கு மூலையில், ஜமீன் என்று பேர் வைத்த கிடாவின் குட்டிகளுக்கு மட்டும் ஒன்றும் ஏறவில்லை. டாக்டரம்மா நெடுநேரம் யோசித்து, இது வித்தில் இருக்கிற குறை என்று முடிவுக்கு வந்தார். அந்த ரத்தம் மேலே போகக் கூடாது. ஜமீனும் குட்டிகளும் சனிக்கிழமை கறிக்கடை வண்டியில் ஏற வேண்டியது.

அக்கா அன்றைக்கும் ஊக்கைக் குத்திவிட்டு நின்றாள். ஏதோ உறுத்தித் திரும்பிப் பார்த்தாள். ஜமீனின் குட்டிகள் அத்தனையும் அந்த ஒற்றைக் கீற்று வெயிலில் வரிசையாகப் படுத்து, கண்ணைப் பாதி மூடி, சுகமாக அசைபோட்டுக்கொண்டிருந்தன. குட்டிகளுக்கு ராத்திரியே வரவில்லை. சொன்னால் வேலை போகும், அதோடு மேற்கு ஓரத்தில் நின்று மகளைப் பார்ப்பதும் போகும். சொல்லாவிட்டால் சனிக்கிழமை வண்டி வரும்.

மறுநாள் சாயங்காலம் டாக்டரம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். படுதா போட்டப்புறம் யாரையும் உள்ளே விடாதவள் தானே இழுத்துப் போவதைப் பார்த்து, என்ன விஷயம் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார் டாக்டரம்மா. அக்கா மூலை அடைப்பைத் திறந்து, குட்டிகளை விலக்கி, "இங்க உக்காருங்க" என்றாள்.

"சாணியா இருக்கேக்கா."

"பரவால்ல, உக்காருங்க."

உட்கார்ந்தார். மேற்கு வெயில் நேராக முகத்தில் அடித்தது. டாக்டரம்மா கண் கூசி நெற்றிக்குக் கை வைத்தார். மடித்த ஓரத்தில் ஊக்கு, அதற்கு அப்பால் பஸ் நிறுத்தம். வைத்த கை அப்படியே நின்றது. மெல்லத் தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தார்.

"யாருக்காக?"

வெளியே கம்பெனி பஸ் வந்து நின்று, கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ராத்திரியக்கா அந்தப் பக்கம் பார்க்காமலே கையை நீட்டி ஊக்கைக் கழற்றினாள்.